எங்கே இருந்து படித்தோம்?

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் வலைப்பந்தாட்டக் கிண்ணங்களைப் பற்றியும் எழுதத் தகுந்தவர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. 1997 ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய விஞ்ஞானப் பிரிவு மாணவிகளாகிய எங்களுக்கு எழுத மிஞ்சியது ஒரு கேள்விதான். அதைச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டோம்: "பரீட்சைக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்து படித்தீர்கள்?"

இரண்டு நாட்களில் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு, மானிப்பாய், மட்டக்களப்பு என்று பல இடங்களிலிருந்தும் பதில்கள் வந்தன. கிணற்றுக்கட்டு. நெல் மூட்டைகளுக்கு நடுவே. அடுப்படி. மாட்டுக்கொட்டில். பெரியம்மா வீட்டு மேல்மாடி. விடுதிக் குளியலறை. "கொய்யா மரத்தில்" என்று எண்பது வயதைக் கடந்த ஒரு அக்கா எழுதியிருந்தார். எந்தக் கிளை என்றுகூடச் சொன்னார். என்ன படித்தோம் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். எங்கே இருந்தோம் என்பதை ஒருவரும் மறக்கவில்லை.

எங்கள் கல்லூரியின் வரலாற்றில் அமைதியான இடம் என்பது முதலில் விடுதிக்காரரின் சொத்தாகவே இருந்தது. 1940களிலும் 50களிலும் விடுதியில் இருந்த அக்காமார் சொல்லும் கதைகளில் 'பிரெப்' என்ற சொல் இல்லாத கதை இல்லை. மாலைச் செபமோ தேவாரமோ முடிந்து, கைகால் கழுவி, மணி அடித்ததும் நீண்ட மேசைகளில் வரிசையாக உட்கார வேண்டும். மின்சாரம் இல்லாத காலத்தில் மேசைக்கு நடுவே பெற்றோமாக்ஸ். அது போடும் 'ஸ்ஸ்' என்ற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்கக் கூடாது. பென்சில் விழுந்தாலும் மேற்பார்வை ரீச்சர் தலையைத் தூக்குவார். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. அதற்குப் பிறகும் படிக்க விரும்பியவர்கள் குளியலறைக்குப் போனார்கள். அங்கே மட்டும் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரியும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து கேத்திரகணிதம் படித்ததாக ஒரு அக்கா எழுதியிருக்கிறார். மேற்பார்வை ரீச்சருக்கு அது தெரிந்திருந்ததாம். தெரிந்தும், விளக்கணைப்பின் பின் அந்தப் பக்கம் வராமல் இருந்தாராம்.

வீட்டிலிருந்து வந்து போனவர்களுக்கு அந்த மணியும் இல்லை, மேசையும் இல்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்த பிறகு எங்கள் கல்லூரி வகுப்பறைகளுக்குப் புதிய குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டணம் போனது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் படிப்பதற்கென்று ஓர் அறை முளைத்துவிடவில்லை. பெரும்பாலான வீடுகளில் ஓர் அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. அந்த அறை நெல்லுக்கும் நகைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியது. விறாந்தை ஆண்களுக்கும் வந்து போகும் விருந்தாளிகளுக்கும் உரியது. மிஞ்சியது குசினி. அங்கேதான் புகைக்குள் இருந்து படித்தார்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு படிக்கலாம் என்பது வீட்டாருக்கும் வசதி.

1959 ஒக்ரோபரில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1933 இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலேயே தொடங்கிய இரவல் நூலகம் அதன் விதை. அறுபதுகளில் படித்த அக்காமார் அந்த வாசிகசாலையைப் பற்றி எழுதும்போது, அவர்களுடைய பதில்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. அதுவரை "ஒளிந்திருந்து படித்தோம்" என்று எழுதியவர்கள், இங்கே "போய் இருந்து படித்தோம்" என்று எழுதுகிறார்கள். சீலையைச் சரிசெய்துகொண்டு, முன் வாசலால் நுழைந்து, பெரிய மேசையில் கை இரண்டையும் விரித்து வைத்து இருந்தார்கள். "முதன்முதலாக எனக்கென்று இரண்டு அடி மேசை கிடைத்தது" என்கிறார் ஒருவர். ஆனால் பொழுதுபடுவதற்கு முன்பு வீட்டில் நிற்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு அந்த மேசைகள் ஆண் பிள்ளைகளுக்குரியவை. இரவல் எடுத்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறி, மீதியைக் குசினியில் படித்திருக்கிறார்கள்.

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 ஆக அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நாங்கள் அப்போது கைக்குழந்தைகளுக்குச் சற்று மேல். அதை நாங்கள் கண்டதில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அடுத்த நாள் தகப்பனாரின் சைக்கிளில் போய்ப் பார்த்தவர். ஓலைச்சுவடிகளைப் பற்றியும் அரிய நூல்களைப் பற்றியும் பிற்பாடு எல்லோரும் பேசினார்கள், அது சரிதான், ஆனால் தனக்கு அன்று தோன்றியது வேறு என்று எழுதியிருக்கிறார்: "இனி நான் எங்கே போய் இருப்பது?" அந்த வரியை வாசித்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதியே ஆக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்த பிறகு ஒவ்வொரு புள்ளியும் தங்கமாயிற்று. ரியூட்டரிகள் பெருகின. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதமும் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அமைதி தேடுவதற்கு ஒரு விசேட தடையும் இருந்தது. உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட் மாதத்துக்கு வந்ததும் அது கோயில் திருவிழாக்களின் காலத்தோடு மோதியது. நல்லூரில் இருபத்தைந்து நாள். அது தவிர ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு கோயில், ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு ஒலிபெருக்கி. விடிய நாலரைக்குத் தொடங்கினால் இரவு வில்லிசை முடியும் வரை ஓயாது. பக்தியோடு கேட்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. ஆண் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பனங்கூடலுக்கும் கடற்கரைக்கும், திருவிழா இல்லாத வேறு கோயில் மண்டபத்துக்கும் போய்விடுவார்கள். எங்கள் அண்ணன்மார் எல்லோரும் அப்படித்தான் படித்தவர்கள். தங்கைமார் காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

இனி எங்கள் கதை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. அப்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயது. மின்விளக்கில் உயர்தரப் பாடம் படிப்பது எப்படியிருக்கும் என்று பரீட்சை எழுதி முடிக்கும் வரை எங்களில் பலருக்குத் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்சாரம் போனதும் ஒலிபெருக்கிகளும் போயின. எரிபொருள் தடையால் வாகனங்களும் நின்றன. மற்றரி இல்லாததால் வானொலிகள் ஊமையாயின. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுழற்றி, செய்தி நேரத்துக்கு மட்டும் வானொலி கேட்பார்கள். மற்றபடி இரவு ஏழு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணம் முழுவதும் ஒரு பெரிய வாசிகசாலை போலவே இருந்தது. தென்னோலை அசைவது கேட்கும். நான்கு வீடு தள்ளி யாரோ இருமுவது கேட்கும். பிறகு பலாலிப் பக்கம் ஷெல் குத்துவது கேட்கும். விழுவதற்கு எத்தனை செக்கன் என்று எண்ணுவோம். எங்கோ விழுந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்வோம்.

ஜாம் போத்தல் விளக்கை இளையவர்களில் பலர் கண்டிருக்க மாட்டார்கள். ஆகவே செய்முறையை இங்கே எழுதி வைக்கிறோம். வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட வேண்டும். சைக்கிள் ரியூப் வால்வு ஒன்றுக்குள் திரியைச் செலுத்தி, அதைக் கம்பியில் கட்டிப் போத்தலுக்குள் இறக்க வேண்டும். கம்பியின் மேல்நுனி போத்தலின் விளிம்பில் கொளுவி நிற்கும். சுவாலை ஒரு நெல்மணி அளவுதான். போத்தலுக்குள் இருப்பதால் காற்றுக்கு அணையாது. சில கரண்டி எண்ணெயில் இரவு முழுவதும் எரியும். வெளிச்சம் ஒரு பக்கத்தின் பாதிக்குத்தான் காணும். மறுபாதியை வாசிக்கக் கொப்பியை நகர்த்த வேண்டும். சங்கக்கடையில் அட்டைக்குத் தரும் எண்ணெய் சில நாளிலேயே முடிந்துவிடும். வெளியில் வாங்கினால் யானை விலை. "விளக்கைத் தூண்டாதை பிள்ளை, நாளைக்கும் இரவு வரும்" என்பார் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா. காலையில் மூக்கைச் சீறினால் கரி வரும்.

மருத்துவர்களான பிறகு தீக்காய விடுதியில் நிற்கும்போதுதான் அந்த விளக்கை வேறு கண்ணோடு பார்த்தோம். இலங்கை முழுவதும் கவிழ்ந்த குப்பி விளக்குகளால் எரிந்தவர்கள் ஏராளம், அதிலும் பெண்களும் பிள்ளைகளும். அதைக் கண்டு மனம் பொறுக்காத சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத தட்டையான பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட குட்டையான கனத்த விளக்கு ஒன்றை வடிவமைத்தார். 'சுதீப' என்ற அந்த விளக்குக்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். எங்கள் ஜாம் போத்தலில் ததும்ப எண்ணெய் இல்லாமல் பஞ்சு மட்டும் இருந்தது எண்ணெய்ப் பஞ்சத்தால்தான். அந்தப் பஞ்சமே பலரைக் காப்பாற்றியிருக்கும் என்று இப்போது நினைக்கிறோம்.

ஆனாலும் ஒருநாள் எங்கள் தோழி ஒருத்தியின் விளக்கு பூனை பாய்ந்து விழுந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. விலங்கியல் கொப்பிகள் இரண்டும் பாய்த் தலைப்பும் எரிந்தன. புத்தகக் கடைகளில் புத்தகம் இல்லாத காலம் அது. கொப்பிதான் புத்தகம். மூன்று பேர் பதினொரு நாள் இருந்து அவளுக்குப் பிரதி எழுதினோம். கரப்பானின் வாயுறுப்புகளை அந்தப் பதினொரு நாளில் கற்றது போல வேறெப்போதும் கற்கவில்லை.

பங்கருக்குள்ளும் படித்தோம். வெயில் காலத்தில் அது வீட்டிலேயே குளிர்மையான இடம். தென்னங்குற்றி, மண்மூட்டை, அதற்கு மேல் மண். வெளிச் சத்தம் பாதியாகக் குறையும். பொம்மர் வந்தாலும் எழும்பி ஓடத் தேவையில்லை, ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறோம். தேள் இருக்கிறதா என்று முதலில் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். மாரியில் அது கிணறாகிவிடும். அப்போது வீட்டுக்குள் வந்து கட்டிலுக்குக் கீழே படிப்போம். இரசாயனவியலின் ஆவர்த்தன அட்டவணையைப் பங்கர்ச் சுவரின் உர பைகளில் மார்க்கரால் எழுதி வைத்தவள் இப்போது அவுஸ்திரேலியாவில் பல்வைத்தியர்.

1994 டிசெம்பரில் சாதாரணதரம் எழுதினோம். அடுத்த மாதம், 1995 ஜனவரி 8 இல், போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19 இல் முடிந்தது. ஏறத்தாழ நூறு நாள் அமைதி. எங்கள் பள்ளி வாழ்விலேயே ஒழுங்காகப் படித்திருக்கக்கூடிய அந்த நூறு நாளும் நாங்கள் பெறுபேறு வரும் என்று காத்திருந்து, படிக்க ஒன்றும் இல்லாமல், தையல் பழகினோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். மழைக்குள் வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாங்கள் இங்கே சொல்ல வேண்டியது எங்கள் பைகளைப் பற்றி மட்டும். அம்மாமார் காணி உறுதியையும் நகையையும் அரிசியையும் எடுத்தார்கள். எங்களிடம் "உனக்கு ஒரு பை" என்றார்கள். உயர்தர வகுப்பில் சேர்ந்து சில மாதந்தான். நான்கு பாடங்களுக்கும் கொப்பிகள். எல்லாம் கொள்ளாது. ஒருத்தி பௌதிகவியலை விட்டாள். ஒருத்தி மாற்று உடுப்பை விட்டாள். நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசல் அசையாமல் மணிக்கணக்கில் நின்றபோது, பையைத் தலைமேல் வைத்து, அதன்மேல் பொலித்தீனைப் போட்டு, மழையில் தான் நனைந்தபடி நின்றவள் பிற்பாடு கணக்காளரானாள். அவளுடைய தாவரவியற் கொப்பியில் மை கரைந்த பக்கங்கள் இன்றும் இருக்கின்றன.

சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு வீட்டில் எங்களில் இருவரின் குடும்பங்கள் உட்பட ஒன்பது குடும்பங்கள் இருந்தோம். கிணற்றடியில் வரிசை, அடுப்படியில் வரிசை, மலசலகூடத்தில் வரிசை. பகல் முழுவதும் பிள்ளைகள் அழுகை, பெரியவர்கள் வாக்குவாதம். பாடசாலைகளில் சனம் குடியிருந்ததால் வகுப்புகள் மரத்தடியில், அதுவும் முறை வைத்து. மாந்தோப்பில் இருந்து படிக்கப் பார்த்தோம். அங்கேயும் குடும்பங்கள். வயல்வரம்பில் இருந்து பார்த்தோம். ஊர்ப் பெடியள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்கார அம்மா அதிகம் கதையாதவர். எங்களோடு ஒரு உறவும் இல்லை. ஒரு நாள் பின்னேரம் எங்களைக் கூப்பிட்டு, "விடிய நாலு மணிக்குச் சாமியறையைத் திறந்துவிடுறன். ஆறு மணிக்கு நான் பூ வைக்க வருவன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருந்து படியுங்கோ. வேற ஒருத்தரையும் உள்ளுக்க விடேலாது" என்றார். அந்த வீட்டில் பூட்டு உள்ள ஒரே அறை அது. மூன்று முழ அகலம் இருக்கும். முருகன் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கின் வெளிச்சம் எங்களுக்கும் போதுமானதாக இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கலப்பிரிவு இரண்டையும் பிரித்தறியக் கற்றோம். தீட்டு நாட்களில் என்ன செய்வது என்று தயங்கி, முதல் மாதம் நாங்களே போகவில்லை. மூன்றாம் நாள் அவர் வந்து, "ஏன் எழும்பேல்லை?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னோம். சற்று யோசித்தார். "படம் சுவரிலதானே இருக்கு, நீங்கள் வாசற்படிப் பக்கம் இருங்கோ" என்றார். அவரைப் போன்ற ஆசாரமான ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்பது அப்போது எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. 1996 சித்திரைக்குப் பின் ஊருக்குத் திரும்பினோம். அவரை மீண்டும் பார்க்க எங்களில் ஒருத்தி போனபோது பல வருடங்கள் கழிந்துவிட்டன. அவர் இருக்கவில்லை.

திரும்பி வந்த ஊரில் பலருடைய வீடுகளுக்குக் கூரை இல்லை. இரவில் ஊரடங்கு. சந்திக்குச் சந்தி சென்றி. எங்கள் கல்லூரி உடைந்த கதவுகளோடு திறந்தது. விலங்கியல் ஆய்வுகூடம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. வகுப்பு முடிந்த பிறகு அங்கே இருந்து படிக்கத் தொடங்கினோம். ஆய்வுகூடத்தில் வேலை செய்த அக்கா நாலரை மணிவரை வீட்டுக்குப் போகாமல் வாசலில் இருந்து அரிசி புடைப்பார், அல்லது சும்மா இருப்பார். அதற்காக அவருக்கு ஒருவரும் ஒரு சதம் கொடுக்கவில்லை. போமலின் மணமும் தவளைப் போத்தல்களும் நிறைந்த அந்த அறைதான் எங்கள் வகுப்பிலேயே மிகக் கெட்டிக்காரியான ஒருத்திக்கு உலகத்திலிருந்த ஒரே மேசை. அவள் குடும்பம் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து, உறவினர் வீட்டு விறாந்தையில் ஏழு பேராக இருந்தது. ஆகவே அவள்தான் கடைசியாகப் போவாள். கதவை இழுத்துச் சாத்துவதும் அவள்தான்.

1996 செப்ரெம்பர் 7 ஆம் திகதி, எங்களுக்கு ஒரு வருடம் மூத்தவளான கிருசாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியற் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போது கைதடிக் காவலரணில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. நால்வரும் கொல்லப்பட்டார்கள். அவள் எங்கள் கல்லூரி அல்ல. ஆனால் அதே பாடம், அதே வெள்ளைச் சீருடை, அதே சைக்கிள். அதற்குப் பிறகு குடாநாட்டில் எந்தத் தாயும் மகளிடம் "ஆறு மணிக்குள் வா" என்று சொல்லவில்லை. "பள்ளிக்கூடம் விட்டதும் வா" என்றார்கள். ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் பதினான்கு பேரிலிருந்து ஐந்தானார்கள், பிறகு இருவரானார்கள். அக்கா அப்போதும் வாசலில் இருந்தார். எங்கள் கெட்டிக்காரியின் தாய் ஒருநாள் வந்து, அக்காவின் கையைப் பிடித்து அழுது, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். யாரைக் குறை சொல்வது?

எங்களுக்கு வீட்டில் ஏதோ ஒரு மூலை இருந்தது. ஒருத்திக்கு மேல்மாடி. ஒருத்திக்குத் தாத்தாவின் வைத்தியசாலை அறை. ஒருத்தியின் அம்மா, மகள் படிக்கும் வேளையில் வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது என்பதற்காகப் படலையடியில் கதிரை போட்டு இருந்து, வருகிறவர்களைத் தெருவிலேயே மறித்துக் கதைத்து அனுப்புவார். அவளுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. விறாந்தையில் ஏழு பேர் உறங்கிய பிறகு, படியில் இருந்து, மடியில் கொப்பியை வைத்துப் படித்தாள். ஹெலி வெளிச்சம் கண்டு சுடும் என்று வீட்டுக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லுவார். அவர் சொன்னதும் நியாயந்தான்.

1997 ஓகஸ்டில் பரீட்சை. நான்கு பாடம், நானூறு புள்ளி. மண்டபத்துக்குள் மின்விசிறி இல்லை, வியர்வை தாளில் சொட்டும். ஆனால் அத்தனை அமைதி! மூன்று மணி நேரம் ஒருவரும் எங்களைக் கூப்பிடாத, ஒருவரும் வேலை ஏவாத, மேசை ஒன்று முழுதாக எங்களுக்கே உரிய இடம். "சோதினை எழுதினதுதான் எனக்கு நிம்மதியான நாட்கள்" என்று எங்களில் ஒருத்தி எழுதியதை வாசித்துச் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.

எங்களில் சிலருக்கு 1978 இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் கிடைத்தது. அங்கேயும் இறுதிப் பரீட்சைக் காலத்தில் இடம் தேடும் படலந்தான். ஆனால் அங்கே நூலகம் இருந்தது, மின்பிறப்பாக்கி இருந்தது. இரவுக் கடமைத் தாதியர் தங்கள் அறையின் ஒரு மூலையைத் தந்து, தேத்தண்ணியும் தந்தார்கள். அந்தக் கதை வேறொரு மலருக்குரியது.

எங்கள் கெட்டிக்காரிக்குச் சில புள்ளிகள் போதாமற் போயின. இரண்டாம் தடவை எழுத வீட்டு நிலைமை விடவில்லை. ஆரம்பப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையானாள். நல்ல ஆசிரியை. இதை எழுதப் போகிறோம் என்று அவளிடம் சொல்லி, பெயர் போடாமல் எழுத அனுமதி வாங்கினோம்.

அவளைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கல்லூரியின் பரிசளிப்பு விழாக்களில் எங்களில் யாரையாவது பிரதம விருந்தினராகக் கூப்பிட்டால், நாங்கள் தவறாமல் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிப் பேசுகிறோம். "அந்த விளக்கில் படித்தே மருத்துவரானோம். உங்களுக்கு எல்லா வசதியும் இருக்கிறதே!" என்கிறோம். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். 2014 இல் அப்படி ஒரு விழாவில் அவளும் பின்வரிசையில் இருந்தாள். நிகழ்வு முடிந்து தேநீர் குடிக்கும்போது, கோபமில்லாமல், ஒரு விவரத்தைத் திருத்துவது போலச் சொன்னாள்: "விளக்கு எல்லாரிட்டையும் இருந்ததடி. என்னட்டையும் இருந்தது."

அதன் பின் அந்தப் பேச்சை நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. யோசித்துப் பார்த்தால், நாங்கள் படித்த ஒவ்வொரு இடத்தின் வாசலிலும் ஒரு பெண் இருந்திருக்கிறார். குளியலறைப் பக்கம் வராமல் இருந்த மேற்பார்வை ரீச்சர், படலையடியில் கதிரை போட்ட அம்மா, சாமியறைத் திறப்பை வைத்திருந்தவர், அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆய்வுகூட அக்கா. கல்லூரியின் வரலாற்றுப் பதிவேடுகளில் இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. பெறுபேற்றுப் பட்டியல்கள் மட்டும் வருட வாரியாக ஒழுங்காக இருக்கின்றன.

இன்றைக்கு வசதி இருக்கிறதுதான். 2004 முதல் பொது நூலகம் மீண்டும் இயங்குகிறது. மின்சாரம் உண்டு, வீதி விளக்கு உண்டு. ஆனால் ஒலிபெருக்கிகளும் திரும்பிவிட்டன. வீட்டில் தொலைக்காட்சி, கையில் தொலைபேசி, மாலை முழுவதும் ரியூசன். எங்கள் கல்லூரியின் வாசிப்பறை பாடசாலை விட்டதும் பூட்டப்படுகிறது. பொறுப்பாக இருக்க ஆள் இல்லை என்பதே காரணம். நூற்றாண்டை முன்னிட்டு என்ன செய்யலாம் என்று சங்கத்தில் பேசியபோது நுழைவாயில் வளைவு ஒன்று கட்டலாம் என்பதே பலரின் விருப்பமாக இருந்தது. எங்கள் அணி வேறொன்று கேட்டிருக்கிறது: வாசிப்பறையை மாலை ஆறு மணிவரை திறந்து வைத்திருக்கவும், அதுவரை வாசலில் இருக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும் நிரந்தர வைப்பு. வளைவு கட்டுவதற்கு நாங்கள் எதிரிகள் அல்லர். ஆனால் வளைவுக்குக் கீழே இருந்து ஒருவரும் படிக்க முடியாது. இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு எட்டப்படவில்லை. இதை வாசிக்கும் பழைய மாணவிகள், எந்த நாட்டில் இருந்தாலும், தங்கள் கிளைச் சங்கங்களுக்கு ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும்.

அந்தக் கூட்டம் நடந்தது கடந்த ஓகஸ்டில், கல்லூரியின் பழைய மேல்மாடிக் கட்டடத்தில். கூட்டம் முடிந்தும் கதை முடியாமல் நாங்கள் ஏழெட்டுப் பேர் படியடியில் நின்று, வளைவா வாசிப்பறையா என்று சத்தமாகத் தர்க்கித்துக்கொண்டிருந்தோம். படிக்கட்டின் கீழே, விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் சந்துக்குள்ளிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தாள். இரட்டைப் பின்னல், மடியில் கொப்பி. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். நெற் கம்பங்களுக்கு நடுவே ஒரு வாங்கைப் போட்டு இடம் செய்திருந்தார்கள்.

"அன்ரியவை, குறை நினைக்காதேங்கோ. எங்களுக்கு நாளைக்குச் சோதினை. கொஞ்சம் மெல்லமாக் கதைக்கிறியளோ?"

நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம்.